கருவுற்ற தாய்மாரின் உயர் இரத்த அழுத்தமும் தாது உப்புகளும்: ஒரு வரலாறு

கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு 2 முதல் 8 பேர் வரை ஐந்தாம் மாதத்திற்குப் பிறகு இரத்த அழுத்தம் உயர்ந்து துன்புறுகின்றனர். அவர்களுடைய சிறுநீரில் புரதம் வெளியேறும். சிலருக்குக் கைகால்களும் முகமும் வீங்கும். இந்நிலை முன்சூல்வலிப்பு எனப்படும். இது முற்றி உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்பாக மாறினால் அது சூல்வலிப்பு ஆகும். நம் ஊர்களில் முன்னாளில் இதனைப் பிரசவ ஜன்னி என்ற பொதுப்பெயருக்குள் அடக்கிவிடுவார்கள். உலகில் நிகழும் பேறுகால மரணங்களில் ஏறத்தாழ ஏழில் ஒன்று கருவுற்ற காலத்து உயர் இரத்த அழுத்தத்தாலும் அதன் விளைவுகளாலும் நேர்வதாக உலக சுகாதார அமைப்பின் ஆய்வு மதிப்பிடுகிறது.

இந்நோயின் வரலாற்றில் மூன்று தாதுக்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சோடியம் நாம் சமைக்கும் உப்பில் உள்ளது. மெக்னீசியம் பேதி உப்பில் உள்ளது. கால்சியம் சுண்ணாம்பில் உள்ளது. முதலாவதைக் குறைக்கச் சொன்னது பிழை என்று பிறகு தெரிந்தது. இரண்டாவது உயிர் காக்கும் மருந்து என்று உலகம் ஒப்புக்கொள்ள ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. மூன்றாவதை எவ்வளவு கொடுப்பது என்ற கேள்விக்கு 2024ஆம் ஆண்டில்தான் ஒரு முக்கியமான விடை கிடைத்தது. இந்த மூன்றின் கதையை இக்கட்டுரை வரிசையாகக் கூறுகிறது.

நோயை அறிந்துகொண்ட விதம்

மேலைநாட்டு மருத்துவத்தில் சூல்வலிப்புக்கு வழங்கும் எக்லாம்ப்சியா என்ற பெயர் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மின்னலைப் போல் திடீரெனப் பளிச்சிடுவது என்பது அதன் பொருள். முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் வந்து தாக்கும் நோய் என்று எண்ணியதால் அப்பெயர் நிலைத்தது.

முன்னறிவிப்பு உண்டு என்பதை மருத்துவர்கள் அறிந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். 1843ஆம் ஆண்டில் இலண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் லீவர், பேறுகால வலிப்புக்கு ஆளான பெண்களின் சிறுநீரைச் சூடாக்கிப் பார்த்தார். அதில் வெண்புரதம் திரிந்து வந்தது. சிறுநீரக நோயாளிகளிடம் காணப்பட்ட அதே அடையாளம் இது. ஆனால் குழந்தை பிறந்த பின் இப்பெண்களிடம் அது மறைந்துவிட்டது. ஆகவே இது வழக்கமான சிறுநீரக நோய் அன்று, கருப்பத்தோடு சேர்ந்தே வந்து போவது என்பது தெளிவாயிற்று.

இரண்டாவது அடையாளத்தைக் காண ஒரு கருவி தேவைப்பட்டது. 1896ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி, கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடைத்து அளக்கும் இரத்த அழுத்தமானியை உருவாக்கினார். அடுத்த ஆண்டே பிரான்சில் வாக்கே, நோபெகூர் என்ற இரு மருத்துவர்கள் சூல்வலிப்பு வந்த பெண்களுக்கு இரத்த அழுத்தம் உயர்ந்திருப்பதை அறிவித்தனர். இன்றும் கருவுற்ற பெண் மருத்துவமனைக்குச் செல்லும்போதெல்லாம் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்ப்பதும், சிறுநீரைச் சோதிப்பதும் இந்த இரண்டு கண்டுபிடிப்புகளின் தொடர்ச்சியே.

நோயை முன்கூட்டி அறிய முடிந்தாலும் அதன் காரணம் பிடிபடவில்லை. இரத்தத்தில் ஏதோ நஞ்சு கலப்பதால் வருகிறது என்று கருதி, கருப்ப நச்சேற்றம் என்ற பொருள்படும் பெயரை நெடுங்காலம் வைத்திருந்தனர். அந்த நஞ்சு எது என்று எவருக்கும் தெரியாது. காரணம் தெரியாத நோய்க்கு ஆளுக்கொரு மருத்துவம் தோன்றுவது இயற்கை. உணவில் கை வைத்ததும் அப்படித்தான்.

உப்பைக் குறைத்த காலம்

உடல் வீங்குகிறது என்றால் நீர் கோத்திருக்கிறது. நீர் கோப்பதற்கு உப்பு காரணம். ஆகவே உப்பைக் குறைத்தால் வீக்கமும் வராது, நோயும் வராது. இவ்வாறு எண்ணுவது எளிது, கேட்பவருக்கும் நியாயமாகப் படும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கருவுற்ற பெண்களுக்கு உப்பில்லா உணவு பரிந்துரைக்கப்பட்டது. நெதர்லாந்தில் டி ஸ்னூ என்ற பேராசிரியரின் செல்வாக்கால் இவ்வழக்கம் ஆழமாக வேரூன்றியது. பிறகு 1950களில் நீர் பிரிக்கும் மாத்திரைகள் வந்தபோது, வீக்கம் கண்ட பெண்களுக்கு அவையும் தாராளமாக வழங்கப்பட்டன.

1958ஆம் ஆண்டில் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையைச் சேர்ந்த மார்கரெட் ராபின்சன் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கருவுற்ற பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை உப்பைக் குறைக்கவும், மற்றப் பிரிவினரை உப்பைக் கூட்டவும் சொன்னார். எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, உப்பு கூடுதலாக உண்டவர்களிடமே நோய் குறைவாகக் காணப்பட்டது. இந்த ஆய்வு இன்றைய அளவுகோல்களின்படி குறையற்றது அன்று. ஆனாலும் உப்பைக் குறைத்தால் நோய் வராது என்ற முடிவை அப்படியே ஏற்க முடியாது என்பதை அது காட்டியது.

1990களில் நெதர்லாந்திலேயே நடந்த முறையான சோதனைகளும், உப்பைக் குறைப்பதால் முன்சூல்வலிப்பு தடைபடுவதில்லை என்று தெரிவித்தன. நீர் பிரிக்கும் மாத்திரைகளாலும் தடுப்புப் பயன் இல்லை என்று அறியப்பட்டது. வாய்க்கு உவர்ப்பில்லாத உணவைப் பல தலைமுறைப் பெண்கள் பயனில்லாமல் உண்டிருக்கிறார்கள். காரணத்தைப் போல் தோன்றுவது எல்லாம் காரணம் ஆகிவிடாது என்ற பாடத்தை இப்பகுதி நமக்குத் தருகிறது.

பேதி உப்பு மருந்தானது

இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரின் ஊற்றுநீர் கசப்பாக இருக்கும். 17ஆம் நூற்றாண்டில் அந்நீரைக் காய்ச்சி எடுத்த உப்பு வயிற்றைக் கழுவும் மருந்தாகப் புகழ்பெற்றது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் பேதி உப்பு என்று கேட்டு வாங்கியது இதைத்தான். இதன் வேதிப்பெயர் மெக்னீசியம் சல்பேட்.

சூல்வலிப்புக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்ய மருத்துவர் ஸ்ட்ரோகனோவின் முறை பெயர்பெற்றிருந்தது. நோயாளியை இருட்டறையில் ஓசையின்றிக் கிடத்தி, மார்பின், குளோரல் ஹைட்ரேட் போன்ற மயக்க மருந்துகளைக் கொடுப்பார்கள். ஒளியும் ஒலியும் வலிப்பைத் தூண்டும் என்பது அக்கருத்து. அதே காலத்தில், 1906ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹார்ன் என்பவர் மெக்னீசியம் சல்பேட்டைத் தண்டுவடத்தின் வழியே செலுத்தி வலிப்பை அடக்கினார். 1920களின் நடுவில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் லசார்ட் அதனைச் சிரையிலும், டார்செட் அதனைத் தசையிலும் செலுத்திப் பயன் கண்டனர்.

இந்த மருந்தை ஒழுங்குபடுத்தியவர் அமெரிக்காவின் டல்லஸ் நகரப் பார்க்லேண்ட் மருத்துவமனையைச் சேர்ந்த ஜாக் பிரிட்சார்டு. முதலில் 4 கிராம் சிரையில், உடனே 10 கிராம் இரு பிட்டத் தசைகளில் பாதிப் பாதியாக, பிறகு நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை 5 கிராம் தசையில் என்பது அவருடைய முறை. 1984ஆம் ஆண்டில் அவரும் அவருடைய குழுவினரும் சூல்வலிப்பு கண்ட 245 பெண்களின் விவரத்தை வெளியிட்டனர். அவர்களுள் ஒருவர் மட்டுமே இறந்திருந்தார். வலிப்பு கண்ட பெண்கள் கணிசமாக இறந்துகொண்டிருந்த ஒரு நோய்க்கு இது பெரிய மாற்றம்.

மெக்னீசியம் மிகுந்தால் ஆபத்தும் உண்டு. முதலில் முழங்காலைத் தட்டினால் கால் உதறும் அனிச்சைச் செயல் மறையும். பிறகு மூச்சு தளரும். ஆகவே ஒவ்வொரு வேளை மருந்துக்கு முன்பும் முழங்கால் அனிச்சையையும், மூச்சின் எண்ணிக்கையையும், சிறுநீரின் அளவையும் பார்க்க வேண்டும். மூச்சு தளர்ந்தால் கொடுக்க வேண்டிய மாற்று மருந்து கால்சியம் குளுக்கோனேட். உடலில் இந்த இரு தாதுக்களும் ஒன்றையொன்று எதிர்த்து வேலை செய்பவை என்பதை இந்த ஏற்பாடே காட்டும்.

சென்னையில் நடந்த முயற்சி

இந்த வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை 1844ஆம் ஆண்டில் தோன்றியது. தமிழ்நாட்டு மருத்துவ மாணவர்கள் பல தலைமுறைகளாகப் படித்துவந்த மகப்பேற்று நூலை ஆ. இலட்சுமணசாமி முதலியாரோடு இணைந்து எழுதியவர் மருத்துவர் எம். கே. கிருஷ்ண மேனன். அவர் குளோர்புரோமசைன், புரோமெத்தசைன், பெத்திடின் ஆகிய மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து வலிப்பை அடக்கும் முறையை வகுத்து 1961ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மகப்பேற்று இதழில் எழுதினார். இந்திய மருத்துவமனைகளில் இந்தக் கலவை முறை பல ஆண்டுகள் கையாளப்பட்டது.

ஆக 1980களில் உலகில் நாட்டுக்கொரு மருத்துவம் இருந்தது. அமெரிக்காவில் மெக்னீசியம் சல்பேட். பிரிட்டனில் டயசிபாம், பிறகு ஃபெனிடாயின். இந்தியாவில் மேனனின் கலவை, டயசிபாம், மெக்னீசியம் என மூன்றும். ஒவ்வொரு நாட்டாரும் தம் முறையே சிறந்தது என்று நம்பினர். வலிப்பு நோய்க்குப் பயன்படாத ஓர் உப்பு, சூல்வலிப்பை எப்படி நிறுத்தும் என்று நரம்பியல் மருத்துவர்கள் ஐயம் எழுப்பினர். யாருடைய முறை சரி என்பதை அனுபவத்தால் தீர்க்க முடியவில்லை. ஏனெனில் ஒவ்வொருவருக்கும் தம் வார்டு அனுபவம் மட்டுமே இருந்தது.

வழக்கு தீர்ந்த இரு ஆய்வுகள்

1995ஆம் ஆண்டில் இந்தியா உள்படப் பல வளரும் நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய கூட்டு ஆய்வின் முடிவு வெளியாயிற்று. சூல்வலிப்பு கண்ட ஏறத்தாழ 1700 பெண்களுக்கு, எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்துக் கொடுத்தனர். மெக்னீசியம் பெற்றவர்களுக்கு மீண்டும் வலிப்பு வரும் வாய்ப்பு, டயசிபாம் பெற்றவர்களைவிட 52 விழுக்காடும், ஃபெனிடாயின் பெற்றவர்களைவிட 67 விழுக்காடும் குறைந்திருந்தது. பிரிட்டிஷ் மருத்துவர்கள் தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டனர்.

அடுத்த கேள்வி, வலிப்பு வருவதற்கு முன்பே கொடுத்தால் தடுக்குமா என்பது. 2002ஆம் ஆண்டில் வெளிவந்த மேக்பை ஆய்வு 33 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட முன்சூல்வலிப்புப் பெண்களிடம் நடந்தது. இதில் மருந்தற்ற ஊசி பெற்றவர்களுள் 1.9 விழுக்காட்டினருக்கும், மெக்னீசியம் பெற்றவர்களுள் 0.8 விழுக்காட்டினருக்கும் வலிப்பு வந்தது. அதாவது ஆபத்து பாதிக்கும் கீழே குறைந்தது. மேனனின் கலவை முறையோடு ஒப்பிட்ட ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்தபோது மெக்னீசியமே மேல் என்று தெரிந்தது.

மேனனின் முறை தோற்றது என்று இதனைக் கொள்ளலாகாது. அவர் காலத்தில் கையிலிருந்த மருந்துகளைக் கொண்டு அவர் தாய்மாரைக் காத்தார். அதைவிடச் சிறந்தது கிடைத்தபோது மருத்துவம் அதற்கு மாறியது. இன்று மெக்னீசியம் சல்பேட் உலக சுகாதார அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இந்தியாவில் வலிப்பு கண்ட பெண்ணைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன் முதல் ஊசியைக் கிராமச் செவிலியரே தசையில் போடலாம் என்று அரசின் வழிகாட்டுதல் கூறுகிறது.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். ஊசியாகப் பேரளவில் செலுத்தும் மெக்னீசியம் மருந்து. வாய்வழி மாத்திரையாக உண்ணும் மெக்னீசியம் முன்சூல்வலிப்பைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. எனவே மெக்னீசியத்தின் வெற்றி உணவுச் சத்தின் வெற்றி அன்று. உணவு வழியாகத் தடுக்க முடியுமா என்ற கேள்வி வேறொரு நாட்டில் எழுந்தது.

குவாத்தமாலாவின் சுண்ணாம்பு நீர்

நடு அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலா நாட்டில் மாயா இன மக்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய முதன்மை உணவு மக்காச்சோளம். சோள மணிகளைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, கழுவி, கல்லில் அரைத்து, தட்டையான ரொட்டியாகச் சுடுவார்கள். தோல் எளிதில் கழன்று மாவு நன்கு பிடிக்க இது உதவுகிறது. சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தும் இதனால் விடுபடுகிறது. சோளத்தை ஏற்றுக்கொண்டு சுண்ணாம்பை விட்டுவிட்ட இத்தாலி முதலிய நாடுகளில் ஏழை மக்கள் பெல்லாக்ரா என்ற தோல் நோயால் அவதியுற்றனர். இவற்றோடு, சுண்ணாம்பில் ஊறிய சோளத்தில் கால்சியமும் பன்மடங்கு கூடுகிறது.

குவாத்தமாலா நகரில் 1949ஆம் ஆண்டில் நடு அமெரிக்க நாடுகளுக்கான ஊட்டச்சத்து நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய ஹோசே பெலிசான், ஹோசே வில்லார் ஆகிய மருத்துவர்களுக்கு ஒரு செய்தி வியப்பளித்தது. மாயா பெண்கள் வறியவர்கள். பேறுகாலக் கவனிப்பும் குறைவு. இத்தகைய இடங்களில் சூல்வலிப்பு மிகுந்திருக்க வேண்டும். ஆனால் அவர்களிடம் அது குறைவாக இருந்தது. எத்தியோப்பியாவிலும் முன்சூல்வலிப்பு அரிது என்று ஹாம்லின் என்ற மருத்துவர் 1962ஆம் ஆண்டில் எழுதியிருந்தார். அங்குள்ள உணவிலும் கால்சியம் மிகுதி.

1980ஆம் ஆண்டில் பெலிசானும் வில்லாரும் தம் கருதுகோளை வெளியிட்டனர். உணவில் கால்சியம் குறைந்தால் இரத்தத்தின் கால்சிய அளவைக் காக்கப் பாராதைராய்டு சுரப்பி கூடுதலாகச் சுரக்கிறது. அதன் விளைவாக இரத்தக் குழாய்த் தசைகளின் செல்களுக்குள் கால்சியம் கூடுகிறது. தசை இறுகிக் குழாய் சுருங்குகிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. உண்ணும் கால்சியம் குறையும்போது செல்லுக்குள் இருக்கும் கால்சியம் கூடுவது முரணாகத் தோன்றும். ஆனால் இக்கருதுகோளின் மையமே அதுதான்.

சோதனையில் ஏற்றமும் இறக்கமும்

ஓர் ஊரில் ஓர் உணவும் ஒரு நலமும் சேர்ந்திருப்பதாலேயே ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது. உப்பின் கதை அதைத்தான் கற்பித்தது. பெலிசான் தம் தாய்நாடான அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் இதைச் சோதித்தார். 1991ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. முதல் குழந்தையைச் சுமந்த 1194 பெண்களுள் ஒரு பிரிவினர் 20ஆம் வாரத்திலிருந்து நாளொன்றுக்கு 2 கிராம் கால்சியம் பெற்றனர். மற்றவர்கள் பார்வைக்கு அதேபோன்ற மருந்தற்ற மாத்திரை பெற்றனர். கால்சியம் பெற்றவர்களில் 9.8 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 14.8 விழுக்காட்டினருக்கும் இரத்த அழுத்த நோய் வந்தது. கருதுகோள் வென்றதாகவே தோன்றியது.

1997ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து மாறுபட்ட செய்தி வந்தது. ஐந்து மருத்துவ மையங்களில் 4589 பெண்களிடம் நடந்த பேராய்வில், கால்சியம் பெற்றவர்களில் 6.9 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் முன்சூல்வலிப்பு வந்தது. இது வேறுபாடே அன்று. கால்சியத்தின் கதை முடிந்தது என்று பலர் எழுதினர்.

ஆனால் அந்த அமெரிக்கப் பெண்கள் பாலும் பாலாடைக்கட்டியும் உண்பவர்கள். மாத்திரை இல்லாமலேயே நாளொன்றுக்குச் சராசரியாக 1000 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் பெற்றுவந்தவர்கள். நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்றினால் வழியத்தான் செய்யும். குறையுள்ள இடத்தில் சோதித்தால்தானே உண்மை தெரியும்?

அதற்காக உலக சுகாதார அமைப்பு, உணவில் 600 மில்லிகிராமுக்கும் குறைவாகக் கால்சியம் பெறும் பகுதிகளைத் தேர்ந்தது. அர்ஜென்டினா, எகிப்து, இந்தியா, பெரு, தென்னாப்பிரிக்கா, வியட்நாம் ஆகிய நாடுகளில் 8325 பெண்கள் இதில் பங்கேற்றனர். நாளொன்றுக்கு 1.5 கிராம் கால்சியம் தரப்பட்டது. 2006ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு எல்லோரையும் சிந்திக்க வைத்தது. முன்சூல்வலிப்பு வந்தவர்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. ஒரு பிரிவில் 4.1 விழுக்காடு, மற்றதில் 4.5 விழுக்காடு. ஆனால் நோயின் கடுமை குறைந்தது. வலிப்பாக மாறுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பச்சிளங்குழந்தைகளின் இறப்பும் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது.

அதுவரை நடந்த ஆய்வுகளில் 13ஐ, 15,730 பெண்களின் விவரங்களுடன், தென்னாப்பிரிக்க மருத்துவர் ஹாஃப்மெயர் குழுவினர் தொகுத்துப் பார்த்தனர். நாளொன்றுக்கு 1 கிராமோ அதற்கு மேலோ கால்சியம் தருவது முன்சூல்வலிப்பைப் பாதிக்கும் மேல் குறைப்பதாகவும், உணவில் கால்சியம் குறைந்த பகுதிகளில் பயன் மிகுதி என்றும் கண்டனர். சிறிய ஆய்வுகள் பயனைப் பெரிதாகக் காட்டியிருக்கலாம் என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே எழுதினர். இவற்றின் அடிப்படையில் 2011ஆம் ஆண்டில் உலக சுகாதார அமைப்பு, உணவில் கால்சியம் குறைந்த பகுதிகளில் கருவுற்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1.5 முதல் 2 கிராம் வரை தரப் பரிந்துரைத்தது.

கருவுறுவதற்கு முன்பே தொடங்கினால் இன்னும் பயன் கூடுமோ என்றும் பார்த்தனர். தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, அர்ஜென்டினா நாடுகளில் நடந்த ஆய்வு 2019ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முன்பே தொடங்கிய 500 மில்லிகிராம் கால்சியத்தால் நோய் சற்றுக் குறைந்ததாகத் தெரிந்தாலும், அது தற்செயல் அன்று என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

நாளுக்கு எத்தனை மாத்திரை?

பரிந்துரை எழுதுவது எளிது. அதை வீட்டில் நடத்துவது கடினம். கால்சிய மாத்திரை பெரியது. 1.5 கிராம் என்றால் 500 மில்லிகிராம் மாத்திரை மூன்று. கால்சியம் இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கும் என்பதால் இரும்பு மாத்திரையோடு சேர்த்து உண்ணக் கூடாது. ஆக ஒரு பெண் நாளில் நான்கு வேளை மாத்திரையை நினைவில் வைக்க வேண்டும். வயல் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இது எளிதன்று. அரசுகளுக்கோ மூன்று மடங்கு மாத்திரைகளை வாங்கிச் சேமித்து அனுப்பும் செலவு. இதனால் பல நாடுகள் இத்திட்டத்தைத் தொடங்கவே தயங்கின. இந்திய அரசு 2014ஆம் ஆண்டில் ஒரு நடுவழியை மேற்கொண்டது. கருவுற்ற 14ஆம் வாரம் முதல் பிள்ளை பிறந்து ஆறு மாதம் வரை, உணவுக்குப் பின் 500 மில்லிகிராம் மாத்திரை இருவேளை என்று வழிகாட்டியது.

ஒரே மாத்திரை போதுமா என்பதைப் பெங்களூரிலும் தான்சானியாவிலும் சோதித்தனர். ஒவ்வொரு நாட்டிலும் முதல் குழந்தையைச் சுமந்த 11,000 பெண்கள். பாதிப் பேருக்கு 500 மில்லிகிராம், பாதிப் பேருக்கு 1500 மில்லிகிராம். 2024ஆம் ஆண்டு ஜனவரியில் முடிவு வெளியாயிற்று. இந்தியாவில் குறைந்த அளவு பெற்றவர்களில் 3.0 விழுக்காட்டினருக்கும், மிகுந்த அளவு பெற்றவர்களில் 3.6 விழுக்காட்டினருக்கும் முன்சூல்வலிப்பு வந்தது. தான்சானியாவில் அது 3.0, 2.7 விழுக்காடு. முன்சூல்வலிப்பைப் பொறுத்தவரை குறைந்த அளவு பின்தங்கவில்லை என்று ஆய்வாளர் முடிவு செய்தனர். குறைமாதப் பிறப்பில் மட்டும் இந்தியாவில் அதே முடிவு கிடைத்தது, தான்சானியாவில் அவ்வாறு உறுதி சொல்ல இயலவில்லை.

இந்த ஆய்வில் மருந்தற்ற மாத்திரை பெற்ற பிரிவு கிடையாது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். இரண்டு அளவுகளை ஒப்பிட்டதே அன்றி, கால்சியமே இல்லாத நிலையோடு ஒப்பிடவில்லை. எனினும் மூன்று மாத்திரைக்குப் பதில் ஒன்று போதும் என்றால், இதுவரை ஒன்றும் பெறாத பெண்களுக்கும் அது சென்றுசேர வழி பிறக்கும். அந்த வகையில் இது பெரிய செய்தி.

நம் உணவும் வெற்றிலைச் சுண்ணாம்பும்

குவாத்தமாலாவின் சுண்ணாம்பைப் பற்றிப் படிக்கும்போது தமிழருக்கு வெற்றிலைப் பெட்டி நினைவுக்கு வருவது இயல்பு. பிள்ளை பெற்றவளுக்கு வெற்றிலை போடக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளிலும் இருந்தது. ஆனால் மாயா மக்களின் சுண்ணாம்பு அன்றாட உணவில் கலந்தது. நம் சுண்ணாம்போ பாக்கோடு சேர்ந்தது. பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்துள்ளது. எனவே கால்சியத்திற்காக வெற்றிலை பாக்கை நாடுவது தகாது. சுண்ணாம்பை நேரடியாக உண்பதும் வாயையும் குடலையும் புண்ணாக்கும்.

நமக்கு வேறு நல்ல வழிகள் உண்டு. வெள்ளை அரிசியில் 100 கிராமுக்குச் சில மில்லிகிராம் கால்சியம்தான் உள்ளது. கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உள்ளது. கூழும் களியும் உண்ட தலைமுறை அரிசிச் சோற்றுக்கு மாறியபோது இழந்தவற்றுள் இதுவும் ஒன்று. பால், தயிர், மோர், எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி போன்ற சிறுமீன் ஆகியவையும் கால்சியம் தருபவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கருவுற்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் தேவை என்று 2020ஆம் ஆண்டில் வரையறுத்தது. சோறும் குழம்பும் மட்டும் உண்ணும் வீட்டில் இதனை எட்ட முடியாது. ஆகவேதான் மாத்திரையின் தேவை எழுகிறது.

தாதுக்கள் காரணமா?

இறுதியாக ஒரு கேள்வி நிற்கிறது. கால்சியக் குறைவால்தான் இந்நோய் வருகிறதா? அப்படிச் சொல்ல முடியாது. 2003ஆம் ஆண்டில், இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பணியாற்றிய ஆனந்த் கருமாஞ்சியின் குழுவினர், நஞ்சுக்கொடியிலிருந்து மிகுதியாக வெளியேறும் ஒரு புரதம் தாயின் இரத்தக் குழாய்களைக் கெடுப்பதைக் கண்டறிந்தனர். நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது என்பதே இன்றைய கருத்து. அதனால்தான் பிள்ளையும் நஞ்சுக்கொடியும் வெளிவந்த பிறகே நோய் தணிகிறது. பாலும் கேழ்வரகும் குறைவின்றி உண்ட பெண்ணுக்கும் இந்நோய் வரக்கூடும். அப்போது அவள் சரியாக உண்ணவில்லை என்று வீட்டார் குறைகூறுவது அறியாமை.

கால்சியம் தாயின் உடலை இந்தத் தாக்குதலுக்குச் சற்று ஈடுகொடுக்கச் செய்கிறது. மெக்னீசியம் தாக்குதல் முற்றியபோது வலிப்பைத் தடுக்கிறது. ஆபத்து மிகுந்த பெண்களுக்கு மருத்துவர் குறைந்த அளவு ஆஸ்பிரினும் தருவதுண்டு. ஆனால் இவை எதுவும் இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு மாற்று ஆகா.

முடிவுரை

மாயா பெண்கள் சுண்ணாம்பு நீரில் சோளத்தை ஊறவைத்தது இரத்த அழுத்தத்திற்காக அன்று. ரொட்டி நன்றாக வருவதற்காக. எப்சம் ஊற்றை நாடியவர்கள் வலிப்பை எண்ணிப் போகவில்லை. தற்செயலாகக் கிடைத்த இரு பொருள்களை எண்ணி, அளந்து, ஒப்பிட்டு, மறுத்து, மீண்டும் சோதித்துத்தான் மருத்துவம் இன்றைய அறிவை அடைந்தது. இந்த ஆய்வுகளில் பெயரின்றிப் பங்கேற்ற பல்லாயிரம் தாய்மார்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

கருவுற்ற பெண்ணுக்குக் கடுமையான தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கருப்பத்தில் இதெல்லாம் இருப்பதுதான் என்று சொல்லி ஓர் இரவைக் கடத்துவதும் உயிருக்கு ஆபத்தாகலாம். மின்னல் போல் வரும் நோய் என்று முன்னோர் பெயரிட்டனர். மின்னலுக்கு முன் மேகம் திரள்வதை இன்று நம்மால் காண முடிகிறது. கண்டபின் தாமதிக்காமல் இருப்பது வீட்டாரின் கடமை.